பழவேற்காட்டிலிருந்து வெள்ளவத்தைக்கு: ஒரு லேஞ்சியின் வரலாறு

இலங்கைத் தமிழர் 'லேஞ்சி' என்று சொன்னால் தமிழகத்து நண்பர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். கைக்குட்டை என்று விளக்கிய பின்னர்தான் தலையாட்டுவார்கள். போத்துக்கீசரின் 'லென்சோ' என்ற சொல்லே நம் வாயில் லேஞ்சி ஆயிற்று. கதிரை, அலுமாரி, சப்பாத்து, மேசை ஆகியவை வந்த வழியிலேயே இதுவும் வந்தது. சிங்களத்தில் அதுவே 'லேன்சுவ'. 1505 இல் இத்தீவுக்கு வந்த போத்துக்கீசர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தரிடம் இழந்து வெளியேறினர். கோட்டைகள் கைமாறின, மதங்கள் கைமாறின, லேஞ்சி மட்டும் நம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

சொல் வெளியிலிருந்து வந்தது என்பதால் பொருளும் வெளியிலிருந்து வந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் பாவித்த பொருட்கள் விற்கும் கடைகளில் அச்சிட்ட துணிச் சதுரங்களைத் தேடி வாங்கி, அவற்றைக் குஷன் உறையாகவும் கைப்பையாகவும் குழந்தைச் சட்டையாகவும் தைப்பது இப்போது ஒரு பெரும் பொழுதுபோக்கு. புலம்பெயர்ந்த நம் பெண்களும் அதில் ஈடுபடுகிறார்கள், விடுமுறைக்கு வரும்போது வெள்ளவத்தைத் தையற்கடைகளிலும் அத்தகைய துணிகளை அவிழ்த்து வைக்கிறார்கள். வெள்ளைக்காரியிடம் கற்ற புதுக்கலை என்பது அவர்களிற் சிலரின் எண்ணம். அச்சிட்ட சதுரத் துணியின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் அந்த எண்ணம் நிலைக்காது.

சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் பெரிய ஏரிக்கும் நடுவே கிடக்கிறது பழவேற்காடு. ஐரோப்பியர் வாயில் அது 'புலிக்கற்' ஆயிற்று. ஒல்லாந்தர் 1613 இல் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1690 இல் தலைமையகத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகம் முழுவதும் அங்கிருந்தே நடந்தது. அவர்கள் தேடி வந்தது சாதிக்காயும் கராம்பும்தான். ஆனால் அவை விளையும் தீவுகளில் இருந்தவர்களுக்கு ஒல்லாந்தரின் வெள்ளியைவிட நம் கரையின் துணியே பெரிதாகத் தோன்றியது. எனவே வாசனைத் திரவியம் வாங்குவதற்குத் துணி வாங்க வேண்டியிருந்தது. அந்தத் துணி மூட்டைகளில் கட்டம் போட்ட சதுரங்களுக்கு முக்கியமான இடம் இருந்தது.

ஏன் சதுரம்? நெசவாளர் தனித்தனிச் சதுரமாக நெய்வதில்லை. நீளமான துணியாகவே நெய்வார். சதுரத்துக்குச் சதுரம் கரை வைத்து, எங்கே வெட்டலாம் என்பதைத் துணியே சொல்லும்படி விடுவார். பிற்காலத்தில் 'ரியல் மெட்ராஸ் ஹாண்ட்கர்ச்சீவ்' என்று உலகம் அறிந்த துணியும் இப்படித்தான். 36 அங்குல அகலத்தில் 8 யார் நீளம் என்றால் 8 சதுரங்கள். வாங்குகிறவர் வெட்டித் தலையிற் கட்டலாம். வெட்டாமல் உடுத்தலாம். இரண்டை ஒட்டி மேலாடை ஆக்கலாம். வாங்குகிறவரே முடிவு செய்யட்டும் என்று விடப்பட்ட துணி அது. பழவேற்காட்டில் தறியிலேயே கட்டமிட்டார்கள். மசூலிப்பட்டினத்தில் மரக்கட்டையால் அச்சிட்டார்கள். வங்கத்தில் பட்டுச் சதுரங்களை முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்தார்கள். சீராளையில் எண்ணெயில் ஊறவைத்த நூலைக் கொண்டு 'தேலியா ருமால்' நெய்தார்கள். ருமால் என்றால் பாரசீக மொழியில் முகம் துடைப்பது என்று பொருள்.

இந்தக் கரையின் அச்சுத் துணிக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தது அதன் சிவப்பு. எத்தனை முறை துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்புக்கு மூலம் சாயவேர் என்னும் சிறு செடியின் வேர். மணற்பாங்கான நிலத்தில் தானாக வளர்வது. மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் தோண்டி எடுக்கப்பட்ட வேருக்கு நல்ல மதிப்பு இருந்தது. ஒல்லாந்தர் அதைத் தமது ஏகபோகமாக வைத்திருந்தார்கள். வேர் தோண்டுவது ஒரு சாதியினர் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம். ஐரோப்பியச் சீமாட்டியின் திரைச்சீலையில் பூத்த செம்மலருக்காக நம் தீவுகளில் யாரோ வெயிலில் குந்தியிருந்து மணலைக் கிளறினார் என்பது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளில் எழுதி வைக்கப்படுவதில்லை. 1868 இல் ஜேர்மனிய வேதியியலாளர் இருவர் அலிசரின் என்னும் சிவப்பை ஆய்வுகூடத்தில் உருவாக்கியதோடு வேர்ச் சாயத்தின் காலம் முடிவுக்கு வந்தது.

கொட்டாஞ்சேனையின் எல்லையில் மேட்டின்மீது நிற்கும் வுல்வெண்டால் தேவாலயத்தை வாசகர்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். 1757 இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் தரையிலும் சுவரிலும் ஒல்லாந்தக் கம்பனி அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. கறுவாவைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் பேசிய அளவுக்கு அந்தக் கம்பனியின் துணி வணிகத்தைப் பற்றிப் பேசியதில்லை. துணி இல்லாமல் அந்த வணிகம் ஓடியிராது.

இனி, எழுதுவதற்குக் கசப்பான பகுதி. சோழமண்டலத் துணி கிழக்கே மட்டும் போகவில்லை. மேற்கு ஆபிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்கக் கொடுக்கப்பட்ட பண்டங்களில் இந்தியத் துணிக்குப் பெரும் பங்கு உண்டு. நம் நெசவாளர் நெய்த துணியைக் கொடுத்து மனிதரை வாங்கினார்கள். நெய்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் முன்பணம் வாங்கிய கடனில் மூழ்கித் தறியை விட்டு எழும்ப முடியாமல் இருந்தவர். விற்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கரிபியன் தீவுகளில் அதே துணியைத் தலையிற் கட்டினார்கள். 1786 இல், ஸ்பானியர் ஆட்சியில் இருந்த லூசியானாவில், ஆளுநர் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். கறுப்பினப் பெண்கள், அடிமையல்லாதவர்களும்கூட, கூந்தலை அலங்கரிக்காமல் துணியால் மூட வேண்டும் என்பது அதன் சாரம். அழகை அடக்குவதற்குப் போட்ட சட்டம் அது. அப்பெண்களோ வண்ணமயமான சதுரத் துணிகளை வகைவகையாக முடிந்து, மூடச் சொன்ன துணியையே அலங்காரமாக்கிவிட்டார்கள். மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, சென் லூசியா ஆகிய தீவுகளில் 'மத்ராஸ்' என்ற பெயரிலேயே அந்தக் கட்டத்துணி இன்றும் விழாக்கால உடையாக விளங்குகிறது. நம் ஊரின் பெயரைத் தலையில் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். நமக்குத்தான் செய்தி வந்து சேரவில்லை.

வாங்கிய துணியை வேறொன்றாக்குவதில் நைஜீரியாவின் கலபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இந்தியாவிலிருந்து வந்த கட்டத்துணியை விரித்து, சில இழைகளை மட்டும் ஊசியால் தூக்கி, கூரிய கத்தியால் வெட்டி உருவி எடுத்து, கட்டங்களுக்குள்ளே புதிய கோலத்தை உண்டாக்கினார்கள். 'பெலெத்தே பித்தே' என்பது அவர்கள் வைத்த பெயர். சேர்த்து அல்ல, நீக்கி அலங்கரிப்பது. தொலைவில் நெய்யப்பட்ட துணி அதன்பின் அவர்களுடைய துணி. பிறப்பிலும் இறப்பிலும் குடும்பத்தின் அடையாளமாக அது முன்னே வந்து நிற்கிறது. பாவித்த துணியிலிருந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று யோசிப்பவர்கள் இந்த ஒன்றைப் பற்றி மட்டுமாவது தேடிப் படிக்கலாம்.

ஐரோப்பாவில் கதை வேறு விதமாகப் போயிற்று. அங்கே மூக்குப்பொடிப் பழக்கம் பரவியதும் வெள்ளைக் கைக்குட்டை சங்கடமாயிற்று. கறையை மறைக்கும் வண்ணக் கைக்குட்டைக்குத் தேவை பெருகியது. வங்கத்து முடிச்சுச் சாயப் பட்டுச் சதுரம் 'பண்டானா' ஆயிற்று. கட்டுதலைக் குறிக்கும் வட இந்தியச் சொல்லின் திரிபு அது. உள்நாட்டு நெசவாளரைக் காக்க இங்கிலாந்து 1701 முதல் இந்திய அச்சுத் துணிகளையும் பட்டுகளையும் அணியத் தடை விதித்தது. பட்டு மீதான தடை 1826 வரை நீடித்தது. தடை இருந்தால் கடத்தலும் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? கொழும்பில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்கு இது புதிதல்ல.

தடையின் நிழலில் போலிகள் வளர்ந்தன. ஸ்கொத்லாந்து நெசவாளர்கள் 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்யத் தொடங்கினர். அவற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் 'புல்லிக்கேற்'. ஆம், பழவேற்காடுதான். ஊரை எடுத்துக்கொண்டார்கள், ஊர்க்காரரை விட்டுவிட்டார்கள். கிளாஸ்கோவில் மொன்ரித் என்பவரின் தொழிற்சாலை 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செஞ்சாயம் ஏற்றிய துணிகளைத் துளையிட்ட ஈயத் தகடுகளுக்கிடையே அழுத்தி, துளைகள் வழியே வெளிற்றும் திரவத்தைச் செலுத்தி, வெண்புள்ளிகளைத் தோற்றுவித்தது. ஒரு பெண் நாள் முழுதும் நகத்தால் கிள்ளி நூலால் கட்டிய புள்ளிகளை இயந்திரம் சில நிமிடங்களில் செய்தது. இன்று உலகெங்கும் மாட்டுக்காரர் கழுத்திலும் இளைஞர் தலையிலும் காணப்படும் சிவப்புப் பண்டானாவின் புள்ளிகள் அந்த முடிச்சுகளின் நினைவு. இலண்டன் பாவித்த துணிக் கடையில் ஓர் அச்சுச் சதுரத்தை நம் பெண் ஒருத்தி எடுத்து விரிக்கும்போது, பெரும்பாலும் அவள் பார்ப்பது தன் கரையின் வடிவத்தை வேறொருவன் செய்த நகலாக.

கொழும்புக்கு வருவோம். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளவத்தையில் நூற்பு நெசவு ஆலை ஒன்று எழுந்தது. நாட்டிலேயே பெரிய துணி ஆலையாக நெடுங்காலம் விளங்கியது. வெள்ளவத்தை என்றவுடன் தோசைக் கடையும் நகைக் கடையும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு அந்த ஆலைச் சங்கின் ஓசை தெரியாது. 1933 இல் அங்கே நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டுத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்பம். தொழிலாளரில் பெரும்பான்மையினர் மலையாளிகள். கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர்கள் அவர்களுக்குத் துணை நின்றார்கள். அதுவரை தொழிலாளர் தலைவராகப் போற்றப்பட்ட ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்பக்கம் நின்றார், இந்தியர் எதிர்ப்புப் பேசினார். அந்த இளைஞர்களிற் பலர் 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். ஆலை பின்னர் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி அடுக்குமாடிகள் நிற்கின்றன. மேல்மாடியிலிருந்து கடல் நன்றாகத் தெரியும் என்கிறார்கள்.

ஆலை போனாலும் பெயர்கள் போகவில்லை. நம் கடைகளில் 'பளையக்காட்' சாரம் என்று கேட்டு வாங்கிய தலைமுறை இன்னும் இருக்கிறது. மலேசியாவில் கட்டம் போட்ட சாரத்துக்குக் 'காயின் பெலிக்காட்' என்று பெயர். இரண்டும் பழவேற்காடே. மலேசிய நண்பர் ஒருவர் அது மலாய்ச் சொல் என்று என்னோடு அரைமணி நேரம் வாதாடினார். விட்டுவிட்டேன்.

சதுரத் துணியை நம்மவர்கள் எதற்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, மொழியே சொல்லும். சதுரத்தின் நான்கு முனைகளையும் கூட்டிக் கட்டினால் பொட்டணி. துணிப் பொட்டணியைச் சுமந்து வீடு வீடாகப் போனவர் பொட்டணி வியாபாரி. முஸ்லிம் வியாபாரிகளும், சீனாவிலிருந்து வந்து குடியேறிச் சைக்கிளில் துணிக்கட்டோடு ஊர் சுற்றிய சீனர்களும் இந்தத் தொழிலைச் செய்தார்கள். துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்தால் சும்மாடு. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளுக்கு அது இல்லாமல் வேலை நடவாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பக்தர்கள் லேஞ்சியால் சொரூபத்தைத் தொட்டு முகத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பூசைக்குப் போகும்போது பெண்கள் தலையை மூட ஒரு நல்ல சதுரம் அலுமாரியில் தனியாக இருக்கும். அது பழசானால் குழந்தையின் தொப்பி, அதன்பின் ஊசி குத்திவைக்கும் பஞ்சணை, கடைசியில் விளக்குத் திரி.

1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது மக்கள் கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் ஆயிரக்கணக்கானோர் தங்கினர். பிறகு 'லங்கா கல்யாணி' போன்ற கப்பல்களில் காங்கேசன்துறைக்கு அனுப்பப்பட்டனர். பெட்டி எடுக்க நேரம் கிடைத்தவர் சிலர். மற்றவர்களுக்குப் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் லேஞ்சியுமே பெட்டி. இன்று ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ ஒரு வீட்டு அலுமாரியின் அடித்தட்டில் மங்கிய பூப்போட்ட சதுரம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருந்தால், அதை வெட்டித் தைக்கலாமா என்று மகள் கேட்கும்போது தாய் பதில் சொல்லாமல் இருந்தால், அதன் காரணம் இதுவாக இருக்கலாம்.

போரில் பிறந்த இன்னொரு அச்சுச் சதுரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானிகளுக்குத் தப்பியோடும் வழி காட்டப் பட்டிலும் ரேயான் துணியிலும் வரைபடங்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கசங்காது, சரசரக்காது, நனைந்தாலும் கிழியாது. போர் முடிந்ததும் மீதியானவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. துணிக்குக் கூப்பன் இருந்த காலம். பெண்கள் அந்த வரைபடங்களை வாங்கிச் சட்டை தைத்தார்கள், உள்ளாடை தைத்தார்கள். மவுண்ட்பேற்றனின் மகள் பற்றீசியாவுக்கு இப்படிப் பட்டு வரைபடத்தில் தைக்கப்பட்ட உள்ளாடை ஒன்று அருங்காட்சியகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அவருடைய தந்தையின் தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 முதல் நம் கண்டியில்தான் இயங்கியது என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். பாவித்த அச்சுச் சதுரத்தைச் சமயோசிதமாகப் பயன்படுத்தியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நம் நகரத்திலும் துணியைப் புதிதாகப் பார்த்த இருவர் வாழ்ந்தார்கள். ஈனா டி சில்வா மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் கலையை 1960களில் இங்கே வேரூன்றச் செய்தவர். ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்புக்கூடத்தில் அவருடைய பத்தித் துணிகள் சதுரம் சதுரமாக விதானத்தையே நிறைத்தன. உடுத்தும் துணியை அண்ணாந்து பார்க்க வைத்த துணிச்சல் அது. பார்பரா சன்சோனியின் கதை கொட்டாஞ்சேனையைத் தொடுகிறது. அங்கே புகழ்பெற்ற கன்னியர் மடப் பாடசாலையை நடத்திய நல்லாயன் சபையின் தலைவி, ஏழைப் பெண்களின் நெசவுக்கு வண்ணமும் வடிவமும் தருமாறு அவரை அழைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 'பெயார்வூட்' நிறுவனம். கொள்ளுப்பிட்டிக் கடையில் அதன் கைத்தறித் துணிப் பொம்மைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சாண் துணியையும் வீணாக்க மனமில்லாத கைகள் செய்தவை அவை என்று. சன்சோனி 2022 இல் காலமானார்.

1977 இன் திறந்த பொருளாதாரம் வேறொரு வெட்டுத்துணியைக் கொண்டுவந்தது. கட்டுநாயக்காவில் 1978 இல் சுதந்திர வர்த்தக வலயம் வந்ததும் ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. மீதித் துணி மூட்டை மூட்டையாக வெளியே வந்து மகரகமை பமுனுவையிலும் புறக்கோட்டை நடைபாதையிலும் குவிந்தது. எங்கோ ஓர் அமெரிக்கக் கடைக்கு என்று அச்சிட்ட பூ, கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீட்டில் யன்னல் திரையாகத் தொங்கியது. நாடு ஏற்றுமதி செய்தது சட்டையை. நம் வீடுகளுக்கு மிஞ்சியது அக்குளுக்கும் கழுத்துக்கும் வெட்டிய இடைவெளிகள் நிறைந்த துணி. அதையும் ஒட்டுப்போட்டுப் போர்வையாக்கிய பெண்களை யாரும் கலைஞர் என்று அழைக்கவில்லை.

பாவித்த சதுரங்களை வாங்குகிறவர்களுக்குத் தையற்காரர்களிடம் கேட்டறிந்த சில விடயங்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்திலும் வண்ணம் ஏறக்குறையச் சமமாக இருந்தால் சாயம் நூலுக்குள் இறங்கியிருக்கிறது. முன்புறத்தில் மட்டும் பளிச்சென்று இருந்தால் மேலே ஒட்டிய மை. கரையைப் பாருங்கள். கையால் சுருட்டித் தைத்த கரை உருண்டு புடைத்திருக்கும், அதை அயன் போட்டுத் தட்டையாக்காதீர்கள். பழைய பட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது தையலைத் தாங்காது, சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாம். நனைத்த வெள்ளைத் துணியால் ஒரு மூலையைத் தேய்த்துச் சாயம் இறங்குகிறதா என்று சோதிப்பது கட்டாயம். 1958 இல் சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குப் போன கட்டத்துணி துவைத்ததும் சாயம் விட்டு வழக்கு வரை போகவிருந்ததாகவும், விளம்பரக்காரர்கள் சாயம் இறங்குவதே இதன் சிறப்பு என்று எழுதி அதே துணியை விற்றுத் தீர்த்ததாகவும் துணியை அனுப்பிய கப்டன் கிருஷ்ணன் நாயர் சொல்லிவந்தார். உங்கள் வெள்ளைச் சட்டைக்கு அந்த விளம்பரம் உதவாது.

கடைசியாக, வெட்டுவதற்கு முன் அளந்து பாருங்கள். சதுரம் என்று நாம் சொல்லும் துணி பெரும்பாலும் சதுரமாக இருப்பதில்லை. இழை ஒரு பக்கம் போக அச்சு வேறு பக்கம் சாய்ந்திருக்கும். கோட்டைப் பார்த்து வெட்டுவதா இழையைப் பார்த்து வெட்டுவதா என்று கேட்டால், இழையை என்பார்கள் கொட்டாஞ்சேனைப் பழைய தையற்காரர்கள். பூ கொஞ்சம் சரிந்தாலும் பரவாயில்லை, இழை சரிந்தால் நாலு தோய்ச்சலில் சட்டை முறுகிப் போகும்.